வாசலம்மாவின் கண்ணாடித் திருகு

அத்தியாயம் 17

மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, ஒரே பேருந்தில் ஏறி, ஒரே வாசலில் இறங்கி, அதன் பிறகு முன்பின் தெரியாதவர்கள் போல நடந்துகொள்வதைப் பார்க்க வேண்டுமா? அணுமின் நிலையத்தின் வாசலில் காலை ஏழு மணிக்கு நின்றால் போதும். ஐந்து நாளாக இந்த நாடகம் தவறாமல் நடக்கிறது.

மாமியார் அங்கே முப்பத்தொரு வருஷமாக வேலை பார்ப்பவர். உலைக் கூடத்துக்குள் போகிற ஒவ்வொரு பொருளையும் வாசலில் நின்று எழுதிக்கொள்ள வேண்டும். வெளியே வரும்போது அதே பொருள், அதே நிலையில், ஒன்று குறையாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதுதான் அவர் வேலை. நிலையத்தில் அவருக்கு வாசலம்மா என்றே பெயராகிவிட்டது. இன்னும் இருபது நாளில் ஓய்வு.

மருமகள் அந்த நிலையத்தையே சோதிக்க வந்திருக்கும் பாதுகாப்பு வாரியத்தின் ஆய்வாளர். கல்யாணமாகி எட்டு மாதம். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்.

"என்னைச் சோதிக்க என் வீட்டுலேருந்தே ஆள் வந்தாச்சு" என்று வாசலம்மா போன வாரம் சொன்னாரே, அது வேடிக்கையா வருத்தமா என்று மருமகளுக்கு இன்னும் விளங்கவில்லை. கணவனைக் கேட்டாள். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன் அவன். கண்ணில் மாட்டிய லென்சைக் கூட எடுக்காமல், "அம்மா சொல்லும்போது சிரிச்சாங்களா?" என்று கேட்டான். இல்லை என்றாள். "அப்ப எனக்கும் தெரியாது" என்று நழுவிவிட்டான்.

உறவு இருப்பதை மருமகள் முதல் நாளே வாரியத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். எரிபொருளைத் தூக்கும் எந்திரத்தை மட்டும் அவள் பார்க்கலாம், வாசல் பக்கம் தலையிடக் கூடாது என்று பதில் வந்தது. அவளுக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது.

இன்று அவள் முதல்முறையாக உலைக் கூடத்துக்குள் போகிறாள். உலையைத் திறந்து, பழைய எரிபொருளை எடுத்துப் புதியதை வைக்கிற வேலை பத்து நாளாக நடக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவைதான் அந்த மூடி திறக்கும்.

வாசலில் இருக்க வேண்டியவர்கள் இரண்டு பேர். வாசலம்மாவும் அவருடைய கூட்டாளியும்.

"கம்மல் கழட்டிட்டீங்களா மேடம்?" என்றார் வாசலம்மா. வீட்டில் 'ஏம்மா, இங்க வா' என்று கூப்பிடுகிற அதே வாய்.

"கழட்டிட்டேன்."

"மோதிரம்?"

"வரமாட்டேங்குதுங்க."

"கையுறைக்கு உள்ள டேப் சுத்திடுங்க. பேனா ஒண்ணு, மூடி இல்லாதது, கயிறு கட்டினது. டார்ச் ஒண்ணு. கயிறு இழுத்துக் காட்டுங்க. சரி. தலையில ஊசி கீசி?"

"எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"குனிங்க."

மருமகள் குனிந்தாள். வாசலம்மாவின் விரல்கள் கொண்டைக்குள் புகுந்து, ஒரு கறுப்பு ஊசியோடு வெளியே வந்தன. காலையில் ஆறு ஊசி குத்தியதும், சற்று முன்னால் ஐந்தை மட்டும் எடுத்ததும் அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. முகம் சிவந்துவிட்டது.  வாசலம்மா ஊசியை ஒரு சின்ன உறையில் போட்டு, எண் எழுதி, எதிரே நீட்டி, "கையெழுத்து" என்றார்.

மருமகள் மனதுக்குள், 'இவங்களை நான் சோதிக்கிறதாம்!' என்று சொல்லிக்கொண்டாள்.

உள்ளே போனதும் அந்த நினைப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

நாலு மாடி உயரத்துக்குக் கூரை. கீழே ஒரு குளம். குளம் என்றால் தளும்புகிற குளம் இல்லை. பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்கு அசையாமல் நிற்கிற தண்ணீர். அவ்வளவு தெளிவாக இருந்ததால் தண்ணீர் இருப்பதே முதலில் தெரியவில்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

அடியில் நீல வெளிச்சம்.

புத்தகத்தில் படித்திருக்கிறாள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். எரிபொருளிலிருந்து சீறிவரும் துகள்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடும்போது உண்டாகிற ஒளி. இதெல்லாம் தெரிந்த சங்கதிதான். ஆனால் தெரிந்திருந்து என்ன பயன்? உடம்பெல்லாம் புல்லரித்தது. எந்த விளக்கும் போடாமல், எந்தச் சத்தமும் இல்லாமல், தானாக எரிகிற நீலம். அதற்குள் ஒரு எரிபொருள் கற்றையை குளத்தின் குறுக்கே தண்டவாளத்தில் ஓடும் எந்திரப் பாலம் மேலிருந்து கவ்வி, அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தது. அந்த ஒரு கற்றை ஒரு சிறு ஊருக்கு வருஷக்கணக்கில் விளக்கு எரித்தது. இப்போது வெறும் தண்ணீர்தான் அதற்கும் அவளுக்கும் நடுவே நிற்கிறது.

கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். யாரும் உரக்கப் பேசவில்லை. பேசக் கூடாது என்று பலகை எதுவும் இல்லை. அந்தத் தண்ணீரின் பக்கத்தில் யாருக்கும் உரக்கப் பேசத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"முதல் தடவையா?" என்று பாலத்தை ஓட்டுகிறவர் கேட்டார்.

"ஆமாங்க."

"நான் பதினெட்டு வருஷமா பாக்கறேன். இன்னும் பழகல."

மத்தியானம் ஒரு மணி இருக்கும். குளக்கரையில் ஒரு தொழிலாளியின் கையுறையைச் சுற்றியிருந்த டேப் உரிந்து தொங்கியது. அவர் இரண்டு கையாலும் நீளமான கொக்கியைப் பிடித்திருந்தார். விட முடியாது. டேப் அறுந்து தண்ணீரில் விழுந்தால் வேறு வினை. கூட்டாளி சாப்பிடப் போயிருந்த நேரம். வாசலம்மா வாசலில் சங்கிலியை மாட்டிவிட்டு, டேப் சுருளோடு தானே விடுவிடுவென்று உள்ளே வந்து, சுற்றிக் கட்டிவிட்டுத் திரும்பினார். மொத்தம் மூன்று நிமிஷம். போகிற போக்கில் ஒரு கணம் நின்று, குனிந்து, குளத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அத்தைக்கும் பழகவில்லை என்று நினைத்தபோது மருமகளுக்கு அவர் மேல் திடீரென்று பிரியம் பொங்கியது.

மூன்று மணிக்கு அவள் வேலை முடிந்து வாசலுக்கு வந்தாள். பேனா ஒன்று, சரி. டார்ச் ஒன்று, சரி. கையெழுத்துப் போட நிமிர்ந்தவள், வாசலம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வலது காம்பு மட்டும் காதோரம் ஆடியது. காம்பும் சட்டமும் சேர்கிற இடத்தில் பொட்டுப் போல ஒரு ஓட்டை. அதில் இருக்க வேண்டிய திருகைக் காணோம்.

"அத்தை" என்றாள். வாசலில் நின்றுகொண்டு அப்படிக் கூப்பிடக் கூடாது என்பதே மறந்துபோயிற்று. "உங்க கண்ணாடி."

வாசலம்மா கையை உயர்த்தித் தொட்டுப் பார்த்தார். விரல் அந்த ஓட்டையில் நின்றது.

பக்கத்தில் வேறு யாரும் இல்லை. கூட்டாளி சற்றுத் தள்ளி நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அரிசி மணியை விடச் சின்னத் திருகு. அது பேருந்தில் விழுந்திருக்கலாம், சாப்பாட்டுக் கூடத்தில் விழுந்திருக்கலாம், வீட்டுக் குளியலறையில் கூட விழுந்திருக்கலாம். ஒரு மணி நேரம் வேலை நின்றால் என்ன ஆகும், ஒரு நாள் நின்றால் எத்தனை பேர் வந்து கேள்வி கேட்பார்கள் என்று வாசலம்மாவுக்குத் தெரியாததா? இருபது நாள்தான் பாக்கி.

அவர் மூச்சு விடுகிற நேரம் கூட யோசிக்கவில்லை. சுவரிலிருந்த ஒலிவாங்கியை எடுத்தார்.

"வாசலிலிருந்து பேசறேன். கையில இருக்கறதைப் பத்திரமான இடத்துல வச்சுட்டு எல்லாரும் நில்லுங்க. உள்ள ஒரு பொருள் விழுந்திருக்கலாம். பொருள், என் கண்ணாடியோட திருகு."

குரல் ஆடவில்லை. பாலம் தன் சுமையை அதன் இடத்தில் மெல்ல இறக்கிவிட்டு நின்றது. முப்பது பேரும் இருந்த இடத்திலேயே நின்றார்கள். அவ்வளவு பெரிய உலையின் வேலை, அவ்வளவு பெரிய எந்திரம், ஒரு கண்ணாடித் திருகுக்காக நின்ற அந்த அமைதியில் மருமகளுக்கு அழுகை வரும் போல இருந்தது. நீலத்தைப் பார்த்தபோது கூட அவள் இப்படி ஆகவில்லை.

அந்தத் திருகு தண்ணீரில் விழுந்து, எரிபொருள் குழாய்களுக்கு நடுவே சிக்கினால், ஓடுகிற தண்ணீரில் ஒரு வருஷம் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடி ஆடிக் குழாயின் மெல்லிய சுவரை அறுத்துவிடும். உள்ளே இருப்பது தண்ணீரில் கலக்கும். இதற்காகத்தான் அந்த வாசல்.

வாசலம்மா கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டு ஒட்டினார். "நேரம் எழுதணும். புத்தகத்தைத் திருப்பு" என்று கூட்டாளியிடம் சொன்னார். கூட்டாளி பக்கத்தைத் திருப்பினார்.

எட்ட நின்ற மருமகளின் கண்ணில் அந்தப் பக்கம் பட்டுவிட்டது. வேண்டுமென்று பார்க்கவில்லை. மூன்றாவது வரி: 'வாசல் காவலர். டேப் சுருள் ஒன்று. கண்ணாடி ஒன்று, பட்டையுடன், முழுசாக.' உள்ளே போகும்போது சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் வாலைச் சுழற்றி முடிக்கிற ஒரு கையெழுத்து. வெளியே வரும்போது சரிபார்த்தவர் என்ற கட்டத்திலும் அதே வால்.

பொருளைச் சுமக்கிறவரே அதைச் சரிபார்க்கக் கூடாது. வாசலின் முதல் விதி அது. அத்தை தன்னைத் தானே சரிபார்த்து, தனக்குத் தானே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.



வாரியத்தின் தலைமை ஆய்வாளர் வந்தார். எதைச் சொன்னாலும் கடைசியில் 'சரிதானே?' என்று முடிப்பதால் நிலையத்தில் அவருக்குச் சரிதானே சார் என்று பெயர். குரல் தேனாக இருக்கும். கேள்வி மட்டும் ஊசி.

"திருகை மாட்டினது யாரு? அளவு தெரியணும், சரிதானே?"

"என் பையன். நேத்து சாயந்தரம் மாட்டினான்" என்றார் வாசலம்மா.

மருமகள் அலுவலக ஃபோனில் கடைக்கு அடித்தாள். சரிதானே சார் பக்கத்திலேயே நின்றார்.

"ஏங்க, அத்தை கண்ணாடிக்கு நேத்து ஒரு திருகு போட்டீங்களே, அது என்ன அளவு?"

"எதுக்கு? ஒண்ணே கால் மில்லி தடிமன். நீளம் நாலு மில்லி. எவர்சில்வர். ஏன், கழண்டுடுச்சா? நான்தான் நல்லா முடுக்கலையோ?"

"கழண்டுடுச்சு. உலை வேலையை நிறுத்தி வச்சுத் தேடறாங்க."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் கடிகாரங்களின் சத்தம் மட்டும் கேட்டது. "என் கடையில அதை அரை டப்பா வச்சிருக்கேன்" என்றான் பரிதாபமாக. பிறகு, "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? நீ இருக்கே இல்ல? பாத்துக்கோ" என்றான்.

அவள் ஃபோனை வைத்தாள்.

தேடினார்கள். தண்ணீருக்கு அடியில் காமிராவை இறக்கினார்கள். தரையில் ஒட்டும் உருளையை உருட்டினார்கள். எட்டுப் பேர் மண்டியிட்டு, டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து, சாண் சாணாக நகர்ந்தார்கள். ஒருவர் கூட முணுமுணுக்கவில்லை. இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று.

ஐந்தே காலுக்கு ஒரு கை உயர்ந்தது. பாலம் ஓடுகிற தண்டவாளத்தின் விளிம்பில், ஒரு இடுக்கில் அது நின்றிருந்தது. தண்ணீருக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம் கூட இல்லை. அளந்தார்கள். ஒன்றே கால், நாலு. அத்தையின் கண்ணாடியில் கச்சிதமாகப் பொருந்தியது.

கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு. நிலைய மேலாளரே இறங்கி வந்து வாசலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தன் தப்பைத் தானே மைக்கில சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும்மா. நீங்க போன பிறகும் இதைச் சொல்லிச் சொல்லிப் புதுசா வர்றவங்களுக்குப் பாடம் நடத்துவோம்."

வாசலம்மா கூச்சத்தோடு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து மருமகள் பார்த்ததே இல்லை.

பிறகு மாமியார், மருமகள், மேலாளர், சரிதானே சார் என்று நாலு பேரும் கண்ணாடிச் சுவர் வைத்த ஆய்வு அறையில் உட்கார்ந்தார்கள். வாசல் புத்தகம் மேசை நடுவில் மூடியபடி கிடந்தது.

"என்ன பார்த்தீங்களோ அதை எழுதுங்க, சரிதானே?" என்று சரிதானே சார் மருமகளிடம் ஒரு தாளை நீட்டினார்.

"சார், நான் எழுதலாமா? அவங்க என் மாமியார்."

"தீர்ப்பு சொல்றதுதான் உங்க வேலை இல்ல. பார்த்தது நீங்க. உங்க கண்ணுக்குப் பதிலா வேற யாரையும் அனுப்ப முடியாது, சரிதானே?"

எழுதினாள். மணி எழுதினாள். கண்ணாடி சரிந்திருந்ததை எழுதினாள். ஒலிவாங்கியில் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதினாள். அங்கே பேனா நின்றுவிட்டது.

திருகு கிடைத்துவிட்டது. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. இன்னும் ஒரு வரி எழுதினால் இத்தனை நேரப் பாராட்டும் குற்றச்சாட்டாக மாறிவிடும். எழுதாவிட்டால்? அந்தப் புத்தகத்தை இன்று யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டாலும், 'நான் கவனிக்கல' என்று சொல்லிவிடலாம். அத்தைக்குத் தெரியுமா? தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்கிறாரா? அந்த நினைப்புத்தான் அவளை அதிகமாக வாட்டியது. மதியம் முழுக்க யாரைப் பார்த்து மலைத்துப்போனாளோ, அவரையே இப்போது ஓரக்கண்ணால் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

எதிரே வாசலம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி என்னம்மா ஆச்சு? ஒண்ணும் தெரியல."

மருமகள் அந்த ஒரு வரியை எழுதினாள். 

"சார், இன்னொண்ணு இருக்கு. வாசல் புத்தகத்துல ஒரு மணி வரியைப் பாருங்க."

சரிதானே சார் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. புத்தகத்தை வாசலம்மா பக்கம் திருப்பினார்.

"எனக்குக் கண்ணாடி இல்லைங்களே" என்றார் வாசலம்மா. மருமகளைப் பார்த்து, "படி" என்றார்.

"வாசல் காவலர். டேப் சுருள் ஒண்ணு. கண்ணாடி ஒண்ணு, பட்டையுடன், முழுசாக."

"சரி. உள்ள போகும்போது யார் கையெழுத்து?"

"உங்களோடது அத்தை."

வாசலம்மாவின் நெற்றி சுருங்கியது. "வெளிய வரும்போது?"

"அதுவும் உங்களோடதுதான்."

"வாலு இருக்கா?"

"இருக்கு."

வாசலம்மா இரண்டு கையையும் மேசை மேல் வைத்துக்கொண்டார். மறைத்தவர் முகம் அப்படி இருக்காது. தன் வீட்டுக்குள் யாரோ புகுந்து போயிருப்பதைக் கண்டுபிடித்தவர் முகம் அது. மருமகளுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அடுத்த நொடியே வேறொரு பாரம் ஏறியது.

"விடுங்கம்மா" என்றார் மேலாளர் அவசரமாக. "மூணு நிமிஷ அவசரம். கூட்டாளி இல்லாத நேரம். ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்துட்டா முடிஞ்சது. திருகுதான் கிடைச்சாச்சே!"

"திருகு கிடைச்சது சார். என் கை என்ன செஞ்சதுன்னு எனக்கே தெரியலையே!" வாசலம்மா தன் வலது கையைப் பார்த்தார். "நான் யோசிச்சுப் போட்டிருந்தேன்னா, இன்னிக்கு ஒரு நாள் தப்புன்னு முடிச்சுடலாம். யோசிக்கல. பேனாவை எடுத்ததும் கை தானா ரெண்டு கட்டத்துலயும் போட்டுட்டு வந்திருக்கு. தானா போடற கை இன்னிக்கு மட்டும் போட்டிருக்குமா?"

அவர் சரிதானே சாரின் பக்கம் திரும்பினார்.

"பழைய புத்தகங்களை எடுக்கச் சொல்லுங்க."

"எத்தனை வருஷத்து?" என்றார் சரிதானே சார். அன்றைக்கு அவர் 'சரிதானே?' சேர்க்காமல் பேசியது அது ஒன்றுதான்.

"நான் வாசல்ல நின்ன வருஷம் பூரா."

மேலாளர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டார். முப்பத்தொரு வருஷத்து நல்ல பேரை ஒரு மனுஷி தன் கையாலேயே எடுத்து, வெளிச்சத்தில் விரித்து வைப்பதை மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடைய ஒரு வரியை எழுதுவதற்கே அவ்வளவு தயங்கியதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அந்த வரியை எழுதியவள் அவள்தானே.

ஆவண அறையிலிருந்து முதல் தள்ளுவண்டி வந்தது. இந்த வருஷத்துப் புத்தகங்கள், நீல அட்டை போட்டு, பன்னிரண்டு.

"இதுக்கு மேல நீங்க இங்க இருக்கக் கூடாது, சரிதானே?" என்றார் தலைமை ஆய்வாளர் மென்மையாக.

மருமகள் எழுந்தாள். கதவு வரைக்கும் போனவளை வாசலம்மா கூப்பிட்டார்.

"நீ வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு. எனக்காக உக்காந்திருக்காதே. அவன் கேட்டா, நீ எழுதினதையும் சொல்லு, நான் கேட்டதையும் சொல்லு. பாதி சொல்லாதே."

"அத்தை…"

"போம்மா. நீ எழுதாம விட்டிருந்தா நான் இனிமே வீட்டுல உன் முகத்தைப் பாத்திருக்க மாட்டேன்."

வெளியே வந்து கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றாள். கால் நகரவில்லை. உள்ளே சரிதானே சார் முதல் புத்தகத்தைப் பிரித்து, விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார். எதிரே அத்தை, எதுவும் தெரியாத கண்ணோடு, அந்த விரல் இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

முதல் பக்கம் திரும்பியது. இரண்டாவது திரும்பியது. மூன்றாவதும் திரும்பியது.

நாலாவது பக்கத்தில் அவர் விரல் நின்றுவிட்டது.